பழைய கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் டிடெக்ட் ஆகவில்லையா? தூக்கிப் போடும் முன் பார்க்க வேண்டியவை

திருவல்லிக்கேணியில் என் நண்பனின் அப்பா பல வருடம் டிடிபி சென்டர் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று அந்தத் தெருவின் பாதி விசேஷங்கள் அவருடைய பென்டியம் மெஷினில்தான் அச்சுக்குத் தயாராகின. அவர் தவறிச் சில வருடங்கள் கழித்து, பரணில் கிடந்த அந்தப் பெட்டியை இறக்கி ஆன் செய்தார்கள். கருப்புத் திரையில் 'டிஸ்க் பூட் ஃபெயிலியர்' என்று ஒரு வரி. அதற்கு மேல் நகரவில்லை.

முதலில் காட்டிய கடையில், "ஹார்டு டிஸ்க் போச்சு சார், காயலான் கடையில போட்டுடுங்க" என்றார்கள். இரண்டாவது கடையில் டிஸ்க் தெரிந்தது, ஆனால் விண்டோஸ் வரவில்லை. "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்றார்கள். நண்பனின் அம்மாதான், "தம்பி வந்து பார்க்கட்டும், அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்" என்று (என்னைத்தான்) சொல்லிப் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். திறந்து பார்த்தால் டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. செத்துப்போன ஒரு பட்டன் பேட்டரி, பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்த நிரல்) மாறிப்போன ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். ஃபார்மட் அடித்திருந்தால் ஒரு மனிதரின் வாழ்நாள் வேலை போயிருக்கும்.

அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். இங்கே பேசப் போவது பெரும்பாலும் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் நம் வீடுகளுக்கு வந்த ஐடிஇ டிஸ்குகளைப் பற்றி. அகலமான பட்டை கேபிள் மாட்டுவோமே, அந்த வகை. கீழே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். டிஸ்க்கைத் தொடாத வேலைகள் முதலில், டிஸ்க்கைத் தொடும் வேலைகள் கடைசியில்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு வேண்டியது மெஷினா, உள்ளே இருப்பதா?

பழைய கேம் ஓட்ட மெஷின் வேண்டும், டிஸ்க்கில் இருப்பது போனால் போகட்டும் என்றால் வேலை சுலபம். உள்ளே இருக்கும் ஃபைல்தான் முக்கியம் என்றால், அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. ஃபார்மட் கூடாது, பிழை திருத்தும் ஸ்கேன்டிஸ்க் கூடாது, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க்கில் பார்ட்டிஷனை (அந்தப் பகுதியை) அழித்துப் போடக் கூடாது. புது விண்டோஸ் மெஷினில் மாட்டியதும் 'இனிஷியலைஸ் செய்யவா', 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் பக்கமெல்லாம் தரைத்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர்கள் மூழ்கின. ஹார்டு டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். வெயிலில் காய வைத்து ஆன் செய்தால், டேட்டா பதிந்திருக்கும் தகட்டில் படிந்த மண்ணே அதைக் கீறிவிடும். அப்படிப்பட்ட டிஸ்க்குக்குக் கரன்ட் கொடுக்காமல் டேட்டா ரெக்கவரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஆன் செய்வதற்கு முன்

பல வருடம் சும்மா கிடந்த மெஷினை எடுத்த எடுப்பில் பிளக்கில் மாட்டாதீர்கள். கேபினெட்டைத் திறந்து தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள். மதர்போர்டில் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாக ஏதாவது கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். 386, 486 காலத்து போர்டு என்றால் கீபோர்டு மாட்டும் இடத்துக்கு அருகே பீப்பாய் வடிவில் ஒரு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கலாம். அது கசிந்து சுற்றியுள்ள செம்புக் கோடுகளைத் தின்றிருக்கும். பச்சை நிறப் படிவு தெரிந்தால் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாக உலர விடுங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குள் மின்சாரம் தரும் பெட்டி. டிஸ்க்குக்குப் போகும் நாலு முனை கனெக்டரில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டும் கருப்பு. முதல்முறை டிஸ்க்கை மாட்டாமல் ஆன் செய்து மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பிறகு டிஸ்க்கை மாட்டி, இன்னொரு காலி கனெக்டரில் மறுபடி அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 12 காட்டும் கிழட்டு எஸ்எம்பிஎஸ், டிஸ்க் சுற்றத் தொடங்கியதும் படுத்துவிடும். 3.5 அங்குல டிஸ்குகள் பல, சுற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் ஒயரில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் நடுவிலும், 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் நடுவிலும் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள். குறைந்த வோல்டேஜில் நல்ல டிஸ்க்கும் 'டக் டக்' என்று அடிக்கும்.

டிஸ்க்கை மாட்டினால் எஸ்எம்பிஎஸ் ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடுகிறது, கழற்றினால் ஓடுகிறது என்றால் டிஸ்க் போர்டில் ஏதோ ஷார்ட். 2000க்குப் பிந்தைய டிஸ்குகளில் பெரும்பாலும் பவர் கனெக்டருக்குப் பக்கத்தில் உள்ள காப்பு டையோடு ஷார்ட் ஆகியிருக்கும். மிகை மின்சாரத்தைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. சால்டரிங் தெரிந்தவர் அந்த டையோடை எடுத்துவிட்டால், ஃபைலை நகல் எடுக்கும் அளவுக்கு டிஸ்க் ஓட வாய்ப்பு உண்டு.

காதை நம்புங்கள்

இந்தக் கட்டத்தில் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, பவரை மட்டும் கொடுத்து டிஸ்க்கைக் கேளுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டிஸ்க்கின் ஓரத்தில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிப் பிடித்தால் டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போலத் தெளிவாகக் கேட்கும்.

மெல்லிய ரீங்காரமாக ஆரம்பித்து வேகம் ஏறி, ஒரு நிலைக்கு வந்து, 'ட்ரக்' என்று ஒரு சின்னச் சத்தம் போட்டு அமைதியானால் மகிழ்ச்சி அடையலாம். அந்தச் சத்தம், படிக்கும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதன் அடையாளம். இப்படிச் சத்தம் போடும் டிஸ்க் பெரும்பாலும் நல்ல டிஸ்க். சிக்கல் வெளியேதான் இருக்கும்.

ஒரே தாளத்தில் 'டக்... டக்... டக்' என்று அடித்துக்கொண்டே இருந்தால், அல்லது சில நொடி சுற்றிவிட்டுத் தானே நின்றுவிட்டால், உடனே ஆஃப் செய்யுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் இப்படி என்றால், ஹெட் தன் வழியைப் படிக்க முடியாமல் தவிக்கிறது. ஓட விடும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டுக்கு ஆபத்து. சத்தமே இல்லை, கையில் அதிர்வும் இல்லை என்றால், மோட்டார் சுற்றவில்லை. 'ங்ங்' என்று முனகிவிட்டு அடங்கினால் மோட்டார் முயற்சி செய்கிறது, ஆனால் எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

கேபிளும் ஜம்பரும்

என் அனுபவத்தில் அதிகமான 'செத்த' டிஸ்குகள் உயிர்பெற்றது இந்த இடத்தில்தான்.

ஐடிஇ கேபிளின் ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும். அது 1ஆம் முனை. டிஸ்க்கில் பெரும்பாலும் சிவப்புக் கோடு பவர் கனெக்டர் இருக்கும் பக்கம் வர வேண்டும். மதர்போர்டில் 1 என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கேபிள்களில் திருப்பி மாட்டாமல் தடுக்கும் மேடு இருக்காது. ஆன் செய்ததில் இருந்து டிஸ்க் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிள் தலைகீழாக மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு நேர்மாறாக, சில பழைய போர்டுகளில் 40 முனைகளும் இருக்கும், கேபிளிலோ 20ஆம் துளை அடைத்திருக்கும். உள்ளே போகவில்லை என்று அமுக்கி முனையை வளைக்க வேண்டாம். 20ஆம் துளை அடைக்காத பழைய கேபிளைத் தேடிப் போடுங்கள்.

கேபிளில் இரண்டு வகை. 40 ஒயர் உள்ளது பழசு. 80 ஒயர் உள்ளது நெருக்கமான மெல்லிய கோடுகளோடு இருக்கும், வேகமான டிஸ்குகளுக்கு அது தேவை. 80 ஒயர் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கடைசியில் உள்ள கருப்பு மாஸ்டருக்கு (முதல் சாதனம்), நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது சாதனம்). நிறத்தை மாற்றி மாட்டினால், எது மாஸ்டர் என்பதைக் கேபிளில் உள்ள இடத்தை வைத்தே முடிவு செய்யும் கேபிள் செலக்ட் முறை குழம்பும். நீளம் 18 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

நம் ஊரில் கேபிளுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. திருவொற்றியூர், ராயபுரம், பெசன்ட் நகர் என்று கடலோரத்தில் இருந்த மெஷின்களில் கனெக்டர் முனைகள் உப்புக் காற்றில் கறுத்திருக்கும். பார்வைக்கு நன்றாக இருக்கும், தொடர்பு மட்டும் இருக்காது. கேபிளை நாலைந்து முறை கழற்றி மாட்டினாலே சில சமயம் டிஸ்க் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் சந்தோஷப்பட்டு விட்டுவிடாமல் முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சுத்தம் செய்து, கேபிளையும் மாற்றிவிடுங்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் பொறுமையாகக் கேட்டு அலைந்தால் பழைய ஐடிஇ கேபிள் இன்னும் அகப்படுகிறது. இரண்டாக வாங்கி வையுங்கள்.

அப்புறம் ஜம்பர். டிஸ்க்கின் பின்பக்கம் பவருக்கும் டேட்டா கேபிளுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு. ஒரே கேபிளில் இரண்டு சாதனம் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம். அதனால் சோதிக்கும்போது சிடி டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, டிஸ்க்கைத் தனியாக முதல் ஐடிஇ சேனலில், கேபிளின் கடைசி முனையில் மாட்டுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்குகள் பலவற்றில் 'தனி', 'ஸ்லேவோடு கூடிய மாஸ்டர்' என்று இரண்டு அமைப்பு உண்டு. தனியாக இருக்கும் டிஸ்க்கை மாஸ்டர் என்று வைத்தால், அது வராத ஸ்லேவுக்காகக் காத்திருந்து மெஷினையே தொங்க வைக்கும். அந்த டிஸ்குகளுக்குத் தனியாக மாட்டும்போது ஜம்பரைக் கழற்றிவிட வேண்டும். லேபிளில் உள்ள படத்தைப் பாருங்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வழக்கம்.

சில போர்டுகளில் சீரியல் ஏடிஏ டிஸ்க்கும் (ஐடிஇக்குப் பின் வந்த, ஒல்லியான கேபிள் வகை) மாட்டலாம். அதில் வியா விடி8237 சிப் இருந்து, டிஸ்க் நொடிக்கு 3 கிகாபிட் வகையாக இருந்தால், இரண்டும் பேசிக்கொள்ளாது. டிஸ்க்கில் 1.5 கிகாபிட்டுக்கு இறக்கும் ஜம்பர் இருந்தால் அதைப் போட்டதும் தெரிந்துவிடும்.

பேட்டரியும் பயாஸும்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை எடுத்து அளந்து பாருங்கள். புதிதாக இருந்தால் 3 வோல்ட்டோ கொஞ்சம் கூடவோ காட்டும். 2.7க்குக் கீழே இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சில பழைய போர்டுகளில் பேட்டரியே கண்ணில் படாது. டல்லாஸ் என்று அச்சிட்ட ஒரு கருப்புக் கட்டிக்குள் கடிகாரமும் பேட்டரியும் சேர்ந்திருக்கும். தேதி, நேரம் ஒவ்வொரு முறையும் அழிந்தால் அந்தக் கட்டியை மாற்ற வேண்டும்.

பேட்டரி செத்தால் பயாஸ் தன் நினைவை இழக்கும். டிஸ்க்கின் வகை, அது எந்த முறையில் படிக்கப்பட்டது எல்லாம் போய்விடும். ஆன் செய்ததும் டெல் கீயை அழுத்தி (சில கம்பெனி மெஷின்களில் எஃப்1, எஃப்2 அல்லது எஃப்10) பயாஸுக்குள் போங்கள். முதலில் போர்டில் உள்ள ஐடிஇ சேனல் 'எனேபிள்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்க் வகையில் 'நன்' (எதுவும் இல்லை) என்று இருந்தால் 'ஆட்டோ' என்று மாற்றுங்கள், அல்லது ஆட்டோ டிடெக்ட் மெனுவை ஓட்டுங்கள்.

286, 386 போர்டுகளில் ஆட்டோ என்பதே இருக்காது. எண் போட்ட ஒரு பட்டியல் மட்டும் இருக்கும், 47ஆம் வகை பெரும்பாலும் நாமே நிரப்பிக்கொள்வதற்கு. டிஸ்க் லேபிளில் உள்ள சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை (டிஸ்க்கில் இடத்தைக் கணக்கிடும் மூன்று எண்கள்) அங்கே கொடுக்க வேண்டும். மூன்றையும் பெருக்கி 512ஆல் பெருக்கினால் டிஸ்க்கின் அளவு பைட்டில் வரும். கணக்கு லேபிளோடு பொருந்துகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன் செய்யும்போது தெரியாத டிஸ்க், கன்ட்ரோல், ஆல்ட், டெல் மூன்றையும் சேர்த்து அழுத்தி ரீஸ்டார்ட் செய்தால் தெரிகிறதா? அப்படியானால் டிஸ்க் மெதுவாக வேகம் பிடிக்கிறது, பயாஸ் அதற்குள் கேட்டுவிட்டுப் போய்விடுகிறது. பயாஸில் 'குயிக் பூட்' இருந்தால் அதை அணைத்து, மெமரி சோதனை முழுதாக ஓடும்படி வைத்தால் அந்தச் சில நொடிகள் கிடைத்துவிடும். வயதான டிஸ்க் தரும் முன்னெச்சரிக்கையும் இதுதான். உடனே நகல் எடுங்கள்.

டிஸ்க் பெரிது, போர்டு சிறிது

பழைய டிஸ்க் இறந்து, கையில் கிடைத்த பெரிய டிஸ்க்கை மாட்டுபவர்கள் மோதும் சுவர் இது. 1994 வாக்கு வரை வந்த பல பயாஸ்கள் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டரோடு நின்றுவிடும். பெருக்கிப் பார்த்தால் 528 மில்லியன் பைட், அதாவது 504 எம்பி. அதற்கு அடுத்த தலைமுறை 8.4 ஜிபியில் நிற்கும். 1990களின் கடைசியில் வந்த அவார்ட் பயாஸ்கள் சில, 32 ஜிபிக்கு மேல் உள்ள டிஸ்க்கைப் பார்த்ததும் டிடெக்ட் செய்யும் திரையிலேயே உறைந்துவிடும். அதையும் தாண்டினால் 137 ஜிபி, 28 பிட் முகவரியின் எல்லை. 48 பிட் முகவரி 2002ஐ ஒட்டித்தான் பரவலானது, விண்டோஸ் எக்ஸ்பிக்கும் முதல் சர்வீஸ் பேக்கோடுதான் அந்தத் திறன் வந்தது.

32 ஜிபி சுவருக்குச் சில டிஸ்குகளிலேயே அளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பர் உண்டு. தன் சொந்த பயாஸ் உள்ள பிசிஐ ஐடிஇ கார்டு இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற திறந்த மூல நிரல். அதை ஒரு சின்ன ரோம் சிப்பில் எழுதி, பழைய நெட்வொர்க் கார்டில் பூட் ரோமுக்காக விட்டிருக்கும் குழியில் வைத்தால், போர்டின் பழைய பயாஸ் அறியாத டிஸ்குகளையும் மெஷின் அறிந்துகொள்ளும். காயலான் கடையில் எடை போட்டு விற்கும் நெட்வொர்க் கார்டே இதற்குப் போதும்.

அந்தக் காலத்தில் இதே சுவரைத் தாண்ட டிஸ்க் மேனேஜர், ஈஸி டிரைவ் போன்ற மென்பொருள்களை டிஸ்க்கின் முதல் செக்டரில் பதித்தார்கள். அப்படிப் பதித்த டிஸ்க்கை வேறு மெஷினில் ஸ்லேவாக மாட்டினால் பார்ட்டிஷன் குப்பையாகத் தெரியலாம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த டிஸ்க்கில் இருந்தே பூட் செய்தால் சரியாக வரும். ஆன் ஆகும்போது அந்த மென்பொருளின் பெயர் ஒரு நொடி மின்னுகிறதா என்று கவனியுங்கள்.

டிஸ்க் தெரிகிறது, விண்டோஸ் வரவில்லை

திருவல்லிக்கேணி மெஷின் நின்றது இங்கேதான். 6.4 ஜிபி டிஸ்க். லேபிளில் 13328 சிலிண்டர், 15 ஹெட், 63 செக்டர். பேட்டரி செத்ததில் வகை 'நன்' ஆகியிருந்தது, முதல் கடையில் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது கடையில் ஆட்டோ டிடெக்ட் செய்தார்கள், டிஸ்க்கின் இடங்களை எண்ணும் முறைகளில் எல்பிஏ என்பதை பயாஸ் தேர்ந்தெடுத்தது. ஆனால் டிஸ்க்கை முதன்முதலில் பார்ட்டிஷன் செய்தவர் 'லார்ஜ்' முறையில் செய்திருந்தார். லார்ஜ் முறையில் இந்த டிஸ்க் 240 ஹெட் உள்ளதாகக் கணக்கு, எல்பிஏ முறையில் 255. ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் இருந்தால் தபால்காரர் எப்படித் தடுமாறுவாரோ, அப்படி விண்டோஸ் தன் ஃபைலைத் தவறான கதவில் தேடி, 'இன்வேலிட் சிஸ்டம் டிஸ்க்' என்று நின்றது. முறையை லார்ஜ் என்று மாற்றியதும் விண்டோஸ் 98 மேகத்தோடு வந்தது. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே இந்தச் செய்தியோ, 'மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பதோ வந்தால் நார்மல், லார்ஜ், எல்பிஏ மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஃபைலைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் சரியான முறை கிடைக்கும்வரை விண்டோஸுக்குள் எதையும் சேமிக்காதீர்கள். ஏஎம்ஐ பயாஸில் 'நோ ரோம் பேசிக்' என்று வந்தால் ஆக்டிவ் பார்ட்டிஷன் (பூட் செய்யக் குறித்துவைத்த பகுதி) கிடைக்கவில்லை என்று பொருள்.

'எஃப்டிஸ்க்கோடு எம்பிஆர் போட்டால் சரியாகிவிடும்' என்று பலர் சொல்வார்கள். டிஸ்க்கின் முதல் செக்டரில் உள்ள பூட் நிரலைப் புதிதாக எழுதும் கட்டளை அது. நான் வேண்டாம் என்பேன். மேலே சொன்ன டிஸ்க் மேனேஜர் பதிந்திருந்தால் அந்தக் கட்டளை அதை அழித்துவிடும். 1990களில் ஃப்ளாப்பி வழியாகப் பரவிய மங்கி வைரஸ் பிடித்த டிஸ்க் என்றால் பார்ட்டிஷன் பட்டியலின் அசல் வேறு இடத்தில் மறைந்திருக்கும், அந்தக் கட்டளைக்குப் பிறகு டிஸ்க்கை அணுகுவது இன்னும் கஷ்டமாகிவிடும்.

டிஸ்க்கையே தொட வேண்டி வந்தால்

இதுவரை எல்லாம் செய்தும் தெரியவில்லையா? சுற்றுகிறது, ஆனால் ஹெட் தடுமாறுகிறது என்றால் அடிப்பக்கப் போர்டின் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள், நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். போர்டு டிஸ்க்கின் உள்ளுறுப்புகளோடு தொடும் இடத்தில் வரிசையாகச் சின்னத் தொடுபட்டைகள் இருக்கும். சென்னைக் காற்றுக்கு அவை கறுத்துப்போவது சகஜம். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து மாட்டினால் சில டிஸ்குகள் உயிர்பெறும்.

மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை என்றால், ஹெட் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். 1980, 90களின் டிஸ்குகளில் இது உண்டு. முக்கியமான டேட்டா என்றால் ஆய்வகத்துக்குப் போங்கள். இல்லையென்றால், பவர் இல்லாத டிஸ்க்கைத் தட்டையாகப் பிடித்து, தகடு சுற்றும் திசையில் மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டித் திருப்பிவிட்டு ஆன் செய்து பார்க்கலாம். தட்டுவது, மேசையில் மோதுவது வேண்டாம். ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஃப்ரீசரில் இருந்து எடுத்த சொம்பில் எப்படி உடனே நீர் கோக்குமோ அப்படித் தகட்டிலும் கோக்கும். செய்யவே செய்யாதீர்கள்.

போர்டு மாற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1990களின் டிஸ்குகளில் அதே மாடல், அதே பதிப்பு எண் உள்ள போர்டை மாற்றினால் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. பிந்தைய டிஸ்குகளில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கும், அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்ற வேண்டும். மேல் மூடியை மட்டும் வீட்டில் திறக்கக் கூடாது. ஆய்வகத்தில் கொடுக்கும்போதும், தூசியில்லாத அறையில்தான் திறப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

டிஸ்க் உண்மையிலேயே போய்விட்டது, மெஷின் மட்டும் வேண்டும் என்றால் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டும் ஐடிஇ அடாப்டரும் போதும். அந்தக் கார்டின் மொழியே ஐடிஇதான். 504 எம்பி சுவர் உள்ள போர்டுக்கு 512 எம்பி என்று விற்கும் கார்டு அப்படியே பொருந்தும்; விற்பவர் சொல்வது சுமார் 512 மில்லியன் பைட், சுவரோ 528 மில்லியன் பைட். டாஸ் 6.22 போடுவதானால் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போகாது.

நகல் எடுப்பது, தமிழ் ஃபைல்கள்

டிஸ்க் தெரிந்துவிட்டதும் உள்ளே மேய்ந்து பார்க்கும் ஆசை வரும். முதலில் முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜாக, அதாவது ஒரே ஃபைலில் அச்சு அசல் நகலாக எடுங்கள். ஐடிஇ சாக்கெட் உள்ள ஏதாவது மெஷினை லினக்ஸ் சிடியில் பூட் செய்து, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு நகல் எடுப்பது நல்லது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, நல்ல பகுதியை எல்லாம் எடுத்த பிறகு திரும்பி வந்து முயலும். மூலம் எது, இலக்கு எது என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என்டர் அழுத்துங்கள். யுஎஸ்பி அடாப்டரும் உதவும், ஆனால் 1990களின் தொடக்கத்தில் வந்த, எல்பிஏ தெரியாத சின்ன டிஸ்குகளை அவை பெரும்பாலும் அறியாது. அடாப்டரில் தெரியவில்லை என்பதை வைத்து அப்படிப்பட்ட டிஸ்க்கைச் செத்தது என்று முடிவு கட்ட வேண்டாம்.

தமிழ் வேலை செய்த மெஷின் என்றால் ஃபைலை மட்டும் எடுத்தால் போதாது. யுனிகோடுக்கு முந்தைய காலத்தில் டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். டாமும் டாபும் 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றவை, யுனிகோடு 2010இல்தான் அரசின் முறையானது. அந்த எழுத்துரு இல்லாமல் பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்) ஃபைலைத் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுவதுமாக, தமிழ் கீபோர்டு மென்பொருளையும் சேர்த்து எடுத்து வையுங்கள். பழைய மெஷின் ஓடும் நிலையில் இருக்கும்போதே முக்கியமான பக்கங்களை அச்சடித்தோ, திரையைப் படம் பிடித்தோ வைத்துக்கொண்டால், பிறகு யுனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நண்பன் வீட்டில் நாங்கள் முதலில் அச்சடித்தது அவனுடைய அப்பா தன் கையால் வடிவமைத்த, அவன் அக்காவின் கல்யாணப் பத்திரிகை.